நாக்குக்குத் தெரியாது

கிரீச். கிரீச்.

மடத்துக் கிணற்றில் உருளை கத்தியது. பிறகு நின்றுவிட்டது.

மாசிலாமணி வாளியைப் பாதிக் கிணற்றில் தொங்கவிட்டு, கயிற்றைத் தூணில் கட்டினார். உள்ளே போய்ப் பையை எடுத்துக்கொண்டு வந்தார்.

தையல்நாயகி அம்மாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். குரு அவள்தான். அவரைவிட ஒன்பது வயது சின்னவள். அவள் அவரை அண்ணே என்பாள். அவர் அவளை அம்மா என்பார்.

"அம்மா, எனக்கு நம்பிக்கை போயிடுச்சு."

"எப்ப போச்சு அண்ணே?"

"ஆடியிலேயே. சொல்லக் கூச்சமா இருந்துச்சு."

"இது கார்த்திகை. நாலு மாசமா நம்பிக்கை இல்லாமலா தண்ணி இறைச்சீங்க?"

"செடி வாடுமே."

அம்மாள் ஒரு பூச்சி இலையைக் கிள்ளி எறிந்தாள்.

"பன்னிரண்டு வருஷமா சாமியைக் கூப்பிடறேன். அந்தப் பக்கமிருந்து ஒரு 'என்னடா' கூட இல்லை," என்றார். "தஞ்சாவூர்ல மச்சான் லாட்ஜ் வச்சிருக்கான். மேனேஜரா வந்து உட்காருங்கறான். ஃபேன், மெத்தை. சாயங்காலம் முட்டை பரோட்டா."

அம்மாளின் கை நின்றது.

"முட்டை பரோட்டாவா?"

"ஆமா."

"அது கஷ்டம்தான்."

"கேலி பண்ணாதீங்கம்மா. இனி இந்தப் பக்கமே தலை வச்சுப் படுக்கறதில்லைன்னு முடிவு பண்ணிட்டேன்."

"சரி."

அவ்வளவுதான் சொன்னாள். விபூதி பூசிவிட்டாள். அவர் பையைத் தோளில் போட்டார்.

"போயிட்டு வரேம்மா."

"எப்ப வருவீங்க?"

"வரமாட்டேன். அது பேச்சுக்குச் சொல்றது."

"அப்ப 'போறேன்'னே சொல்லிட்டுப் போங்க. நான் பாட்டுக்கு உங்களுக்கும் சேர்த்து உலை வச்சிக்கிட்டு இருப்பேன்."

மாசிலாமணி வாயைத் திறந்தார்.

"போ..."

செருமிக்கொண்டார். கிணற்றைப் பார்த்துத் திரும்பி நின்று முயன்றார்.

"போ... போயிட்டு..."

அம்மாள் கீரையைப் பார்த்தபடியே சொன்னாள்:

"நம்பிக்கை போன விஷயத்தை நாக்குக்கு யாரும் சொல்லலை போல."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

கீரையை எட்டிப் பார்த்தார்.

"என்ன கீரை?"

"சிறுகீரை."

"பரோட்டாவுக்குச் சேராது."

"சேராதுதான்."

பையைப் பிரிக்கவில்லை. அப்படியே வேப்பமரத்து ஆணியில் மாட்டினார்.

நந்தியாவட்டைக்கு இன்னும் எட்டு வாளி பாக்கி. தூணிலிருந்து கயிற்றை அவிழ்த்தார்.

கிரீச்.