நால்ரோட்டுச் சுமைதாங்கி

நால்ரோட்டில் ஆதியில் இருந்தது நாலே வீடு. ரோட்டுக்கு ஒன்று. கிழக்கேயிருந்து நடந்து வருகிறவருக்குக் கிழக்கு வீட்டில் சோறு, வடக்கேயிருந்து வந்தால் வடக்கு வீட்டில். நாலு வீட்டுக்கும் சண்டை வராமல் யாரோ செய்து வைத்த ஏற்பாடு. அதைச் சொல்லி அந்த ஊர்க்காரர்கள் இன்றைக்கும் மார்தட்டிக்கொள்வார்கள்.

வடக்கு வீட்டு நாச்சிமுத்துவுக்கு எழுபத்தாறு வயது. அவர் குருவாக ஏற்றுக்கொண்ட மடத்துச் சாமிக்கு ஐம்பதுகூட ஆகவில்லை. சீடராவதற்கு வயதா குறுக்கே நிற்கும்?

கும்பாபிஷேக மலருக்கு ஊர் வரலாறு எழுதும் பொறுப்பு நாச்சிமுத்துவின் தலையில் விழுந்தது. பதினோரு நாள் எழுதினார். ஓரிடத்தில் பேனா நகர மறுத்தது. தாள்களோடு மடத்துக்குப் போய் விஷயத்தைச் சொன்னார். சாமி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

“எந்த எடத்துல நின்னுதுங்க?”

“சுமைதாங்கிக்கிட்டங்க சாமி.”

வயிற்றுப் பிள்ளையோடு இறந்த பெண்ணுக்காக நடுகிற கல் அது. தலைச்சுமையோடு வருகிறவர்கள் அதன்மேல் சுமையை இறக்கி வைத்து இளைப்பாறுவார்கள்.

“படிங்க.”

“‘வழிப்போக்கர்களின் துன்பம் கண்டு இரங்கிய நம் முன்னோர் இக்கல்லை நட்டனர்.’”

“யாருக்காக நட்டாங்க?”

நாச்சிமுத்துவின் முகம் செத்துப்போனது.

“மாசமா இருந்த ஒரு பொம்பளைக்குங்க. சித்திரை வெயில்ல வந்து எங்க ஊர்ல உழுந்து செத்துப்போச்சு. எனக்கு அப்ப இருபத்தாறு வயசுங்க.”

“அப்ப முன்னோர் இல்லீங்க. நீங்கதான்.”

“ஆமாங்க.” வெட்கத்தில் அவருக்குத் தலை நிமிரவில்லை.

“சோறு போடற ஊராச்சுங்களே?”

“அது ரோட்டுல வரலீங்க சாமி. உழுது போட்ட காட்டுக்குள்ள பூந்து குறுக்கால வந்துச்சு. நாலு வூட்டுலயும் தட்டுச்சு. நம்ம ரோட்டு ஆளில்லைன்னு நாலு வூடும் சும்மா இருந்துட்டோம்.”

சாமி கீரையைத் தள்ளி வைத்தார்.

நாச்சிமுத்து பழைய வரியை அடித்தார். அதன் கீழே வேறொன்றை எழுதி நீட்டினார். ‘அக்காலத்தில் சிலர் கதவைத் திறக்கவில்லை.’

“இது போதுங்களா?”

சாமி அதைப் படித்தார்.

“அந்தப் பொண்ணு பேரென்னங்க?”

“தெரியாதுங்க.”

“எந்த ஊரு?”

“தெரியாதுங்க.”

“குறுக்கால வந்துச்சுன்னு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?”

நாச்சிமுத்து பேனாவைக் கீழே வைத்தார்.

“நான் கேட்டனுங்க. கதவத் தொறக்காமயே, ‘எந்த ரோட்டுல வந்தே?’ன்னு கேட்டனுங்க. ‘காட்டு வழியா வந்தனுங்கண்ணா’ன்னு சொல்லுச்சு.”

சாமி தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

“‘சிலர்’னு இருக்கறத அடிச்சுட்டு உங்க பேர எழுதுங்க. அந்தத் தங்கச்சி பேரு தெரியலைன்னு அடுத்த வரியில எழுதுங்க.”