தும்மலுக்குத் தண்டனை இல்லை

முன்னொரு காலத்தில் மணிக்கடவு நாட்டை இடிமுழக்க வர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். பெயர் அவனே வைத்துக்கொண்டது. மாற்றச் சொல்ல யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

ஒருநாள் அவனுக்கு ஓர் ஆசை முளைத்தது. ஆற்றங்கரை ஊரில் இருந்த பிழைமேட்டை வெட்டிச் சமன்செய்து, குடிமக்கள் பொழுதுபோக்க ஒரு களிக்கூடம் கட்ட வேண்டும். நீச்சல் குளம், மல்யுத்தக் களம், ஊஞ்சல் மண்டபம் என்று ஆசை வளர்ந்துகொண்டே போனது. இடத்தைக் காட்டியவன் மாளிகை அதிகாரி வாகையன்.

"ஊர்மக்களைக் கேட்காமல் ஒரு செங்கல்கூட வைக்க மாட்டேன்" என்றான் ராஜா. ஊரைக் கேட்டு நடக்கிற ராஜா என்று பெயர் வாங்க அவனுக்குக் கொள்ளை ஆசை.

கேட்டான். வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த பூதன் சபைக்கு வந்து, "வேண்டாம் மகாராஜா" என்றான். அவ்வளவுதான். காவலர்கள் அவனை இழுத்துப்போனார்கள். வாசலில் அவன் கழற்றிவிட்ட செருப்பு அங்கேயே கிடந்து, வெயிலில் காய்ந்தது, மழையில் ஊறியது. அதைத் தொட ஒருவருக்கும் தைரியமில்லை.

அன்றோடு அந்த நாட்டில் 'வேண்டாம்' என்ற சொல்லே செத்துப்போனது. கல்யாணப் பந்தியில் மூன்றாம் முறை பாயசம் ஊற்ற வந்தால்கூட, இலையை மூடிவிட்டு எழுந்து ஓடினார்களே தவிர, வாய் திறக்கவில்லை. களிக்கூடத்தைப் பற்றிக் கேட்டால் எல்லோரும் "ஆஹா, பிரமாதம்!" என்றார்கள்.

ராஜாவுக்கே உறுத்தியது. "என்னய்யா இது, ஊரே ஒரே பாட்டைப் பாடுகிறதே?"

"எல்லாம் தங்கள் மேல் வைத்த அன்பு, பிரபு" என்று குழைந்தான் வாகையன்.

"பயம், அரசே" என்றார் மந்திரி சேந்தன்.

சபை நடுங்கிப்போனது. வாகையனுக்கு மட்டும் வாயெல்லாம் பல். மந்திரி ஆசனத்தின் மேல் அவனுக்கு நெடுநாளாக ஒரு கண்.

"நிரூபித்துக் காட்டும்!" என்று முழங்கினான் ராஜா. "ஆனால் எவனாவது வாய் திறந்து மறுத்தால் அவன் தலை போகும். நிரூபிக்காவிட்டால் உம்முடைய செருப்பும் அந்த வாசலில்தான் கிடக்கும்."

சேந்தன் கைகூப்பினார். "ஒரு சந்தேகம், அரசே. தும்முகிறவனைத் தண்டிப்பீர்களா?"

"பைத்தியமா உமக்கு? தும்மல் வந்தால் எவன் என்ன செய்வான்? தும்மலுக்குத் தண்டனை இல்லை. என் வாக்கு. போம்!"

சேந்தன் நேரே பூதனின் மனைவி மருதியிடம் போனார். "நாளைக்கு மேட்டில் ஊர் கூடும். களிக்கூடப் பேச்சு வரும்போது நீ தும்ம வேண்டும் அம்மா. பிடிக்காதவர்கள் எல்லோரும் தும்மலாம் என்று ஊரிலும் சொல்லிவை. நல்ல காரியம் தொடங்கும்போது தும்மினால் ஆகாது என்று ராஜாவுக்கும் தெரியும்."

"ஐயா, எம் புருஷன் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாரு. இன்னைக்கு வரைக்கும் உசுரோட இருக்காரான்னுகூடத் தெரியல. என்னையும் கொண்டுபோயிட்டா எம் பிள்ளைங்க கதி?"

"தும்மலுக்குத் தண்டனை இல்லை என்று ராஜா வாக்குக் கொடுத்திருக்கிறார். ஆனாலும் எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது" என்றார் சேந்தன். அதற்கு மேல் அவரிடம் ஆறுதல் இல்லை.

மறுநாள் மேட்டைச் சுற்றியும் கூட்டத்துக்குள்ளும் ஈட்டி பிடித்த காவலர்கள் நின்றார்கள். ராஜா நடுவில் உட்கார்ந்திருந்தான். "இந்தப் பிழைமேட்டைத் தரைமட்டமாக்கி..." என்று வாகையன் கணீரென்று தொடங்கினான்.

மருதி பிள்ளைகளின் கைகளை இறுகப் பிடித்துக்கொண்டாள். "அச்." பூனைக்குட்டியின் தும்மல்போல மெல்ல வந்த அது அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை.

ராஜாவின் தலை திரும்பியது. ஊரே மூச்சை அடக்கியது. கூட்டத்தின் கடைசியில் ஒரு கிழவர் பழக்கதோஷத்தில் "நூறாயுசு!" என்று சொல்லிவிட்டு, பதறிப்போய் வாயைப் பொத்திக்கொண்டார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவள் தும்மினாள். அப்புறம் இன்னொருவர். அப்புறம் மேடே தும்மியது.

"மிளகுப்பொடி தூவிவிட்டார்கள், பிரபு!" என்று கத்தினான் வாகையன்.

"அப்படியானால் கூட்டத்துக்குள் நிற்கும் காவலர்கள் ஏன் தும்மவில்லை?" என்றார் சேந்தன். "அரசே, ஓடத்துறை வரியை நீக்கிவிட்டேன் என்று சொல்லிப் பாருங்கள்."

ராஜா சொன்னான். ஒரு மூக்கும் அசையவில்லை.

"ஊஞ்சல் மண்டபம்!"

"அச்!"

"வரி கிடையாது!"

சத்தமே இல்லை.

"நீச்சல் குளம்!"

"அச்! அச்! அச்!"

ராஜாவுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் எதிரே ஒருவரும் சிரிக்கவில்லை. மூக்கைப் பிடித்தபடி நடுங்கிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்ததும் அவன் சிரிப்பு பாதியில் நின்றது. "ஏன்? வாய் திறந்தே சொல்லுங்கள். யார் தலையும் போகாது" என்றான் தணிந்த குரலில்.

மருதி சொன்னாள்: "சாமி, ஐப்பசியில ஆறு பெருகுனா ஊரு முங்கிப்போவும். பிள்ளைகுட்டி, ஆடுமாட்டோட ஏறி நின்னு நாங்க பொழைக்கிறது இந்த மேட்டுலதான். அதனாலதான் இது பிழைமேடு. இத வெட்டிட்டா, களிக்கூடம் இருக்கும். வந்து களிக்க நாங்க இருக்க மாட்டோம்."

ராஜா வாகையனைப் பார்த்தான். "பிழையான மேடு, எதற்கும் உதவாது என்றல்லவா சொன்னீர்? இதெல்லாம் உமக்குத் தெரியுமா?"

"சத்தியமாகத் தெ... தெரி... அச்!"

அது நிஜத் தும்மல். யாரும் நூறாயுசு சொல்லவில்லை.

"களிக்கூடம் உம்முடைய மாந்தோப்பில் எழும்பட்டும்" என்றான் ராஜா. "ஐப்பசி முழுக்க நீர் இந்த ஊர்ப் பள்ளத்தில் குடிசை போட்டு இரும். வெள்ளம் வந்தால் மேட்டில் உமக்கு இடம் கொடுப்பதும் கொடுக்காததும் இவர்கள் பாடு." பிறகு தன் சால்வையை எடுத்துச் சேந்தனுக்குப் போர்த்தினான்.

எல்லாம் முடிந்தது என்று கூட்டம் கலையப் பார்த்தபோது, "அச்" என்றாள் மருதி.

"பூதனின் மனைவி, அரசே" என்றார் சேந்தன். ராஜாவுக்குப் புரிந்தது. தலையைக் குனிந்துகொண்டான்.

அன்று மாலையே பூதன் வெளியே வந்தான். மெலிந்து, வெளிச்சத்துக்குக் கண் கூசி, வாசலில் கிடந்த செருப்பில் காலை நுழைத்துப் பார்த்தான். சுருங்கிப்போயிருந்தது. நுழையவில்லை. எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான்.

"புதுச்செருப்பு கொடுக்கச் சொல்லட்டுமா?" என்று கேட்டான் ராஜா.

பூதன் நிமிர்ந்தான்.

"வேண்டாம்" என்றான்.

காவலர்களின் கை ஈட்டிக்குப் போனது. எல்லோரும் ராஜாவின் முகத்தையே பார்த்தார்கள்.

"சரி" என்றான் ராஜா.