வாய்விட்டுப் படித்த வடிவாள்

முன்னொரு காலத்தில், கேட்டால்தான் மழை பெய்யும், கேட்காமலே மந்திரவாதிகள் வருவார்கள் என்றிருந்த காலத்தில், ஆம்பலூர் என்றொரு ஊர் இருந்தது. ஊருக்கு நடுவே ஓர் ஏரி. அரசர்கூட அதைத் தன்னுடையது என்று சொன்னதில்லை. ஊரில் உள்ள எல்லா வீட்டுக்கும் அது சொந்தம்.

அந்த ஏரியின் மேல் மசிவண்ணன் என்ற மந்திரவாதிக்கு ஒரு கண். சுரைக்குடுக்கையைத் திறந்து, "உள்ளே வா!" என்றான். ஏரி வரவில்லை. மந்திரம் சொன்னான், வரவில்லை. தரையை உதைத்துக் கத்தினான், அப்போதும் வரவில்லை. எல்லா வீட்டுக்காரர்களும் அவரவர் பங்கை மனமொப்பிக் கொடுத்தால்தான் அந்த ஏரி முழுதாக இடம் பெயரும்.

"அவ்வளவுதானே? கொடுக்க வைக்கிறேன்!" என்று போய் ஒரு மை காய்ச்சினான். அந்த மையின் வித்தை என்ன தெரியுமா? படிக்கிறவர் மனசுக்குள் எட்டிப்பார்க்கும். எங்கே தொட்டால் ஆள் சாய்வார் என்று கண்டுபிடித்து, அதற்கேற்ற எழுத்தாக மாறிக்கொள்ளும். அதை ஒரு பெரிய பலகையில் பூசி, ஏரிக்கரை மருதமரத்தில் மாட்டினான். கையைத் தோய்த்துப் பலகையில் பதிக்க, கீழே ஒரு சட்டி நிறையச் செம்மண் குழம்பு வைத்தான். பிறகு கொக்காக மாறிக் கிளையில் போய் உட்கார்ந்துகொண்டான்.

முதலில் வந்தவர் ஊர்த்தலைவர் ஏகாம்பரம். அவருக்குப் பலகையில் தெரிந்தது இது: "அறிவுக் கடலே! இந்த ஊரில் விஷயம் தெரிந்தவர் நீர் ஒருவர்தான். நீர் கை வைத்தால் ஊரே பின்னால் வரும். வையும் கையை!" படித்தார், பூரித்தார், கையை வைத்தார். வெளியே மூச்சு விடவில்லை. சொன்னால் மற்றவர்களும் தங்களை அறிவாளி என்று நினைத்துக்கொள்வார்களே!

அடுத்து வந்தவள் குயவர் வீட்டு நாச்சி. அவளுக்குத் தெரிந்தது வேறு: "தாயே! கரை உடையப் போகிறது. வெள்ளம் முதலில் உன் வீட்டுத் தொட்டிலுக்குத்தான் வரும். பிள்ளை பிழைக்க வேண்டுமா? வை கையை!" படித்தாள், நடுங்கினாள், கையை வைத்தாள். அவளும் யாரிடமும் சொல்லவில்லை. கெட்டதை வாயால் சொன்னால் பலித்துவிடும் என்று அவளுக்குப் பயம்.

மூன்றாவதாக எண்ணெய்க்காரர் செங்கோடன். அவருக்குத் தெரிந்தது: "அட, நீ இன்னுமா வைக்கவில்லை? ஊரே வைத்தாயிற்று! இன்று விட்டால் நாளைக்குக் கிடையாது!" படித்தார், பதறினார், கையை வைத்தார். கடைசி ஆளாகிவிட்டோமே என்ற வெட்கத்தில் அவரும் வாயைத் திறக்கவில்லை. அவர் கையோடு சேர்த்துப் பலகையில் இருந்ததே மூன்று கைகள்தான். நிமிர்ந்து பார்த்திருந்தால் அவருக்கே தெரிந்திருக்கும்.

இப்படியே வீடு வீடாக வந்தார்கள். ஒவ்வொரு கைக்கும் ஏரி ஒரு சாண் இறங்கியது, கொக்கின் கழுத்தில் தொங்கிய குடுக்கை கனத்தது. வெயில் ஜாஸ்தி என்று ஊர் சொல்லிக்கொண்டது.

மந்திரவாதிகளுக்கும் ஒரு சட்டம் உண்டு, கேளுங்கள். எதை எடுத்தாலும் சொல்லிவிட்டுத்தான் எடுக்க வேண்டும். அதனால் பலகையின் அடி ஓரத்தில் எறும்பளவில் ஒரு வரி இருந்தது. எறும்பு என்றே நினைத்து அதை ஊதிவிட்டுப் போனார்கள்.

மிச்சம் ஒரே ஒரு வீடு. அக்கரைச் சேற்றில் வாத்து மேய்க்கும் வடிவாளும் அவள் புருஷன் வேலாண்டியும். ஏரியில் நீந்திய வாத்துகள் இப்போது சேற்றில் நடந்தன. ஏரி போனால் வாத்து போகும், வாத்து போனால் அவர்கள் பிழைப்பும் போகும். என்னதான் ஆயிற்று என்று பார்க்க இருவரும் மருதமரத்துக்கு வந்தார்கள்.

வடிவாளுக்கு ஒரு பழக்கம். வாய்விட்டுப் படித்தால்தான் அவளுக்கு எதுவும் மண்டையில் ஏறும். அதற்காக ஊரில் எல்லாரும் அவளைக் கேலி செய்வார்கள். அன்றைக்கும் சத்தமாகவே படித்தாள்: "வடிவாள், விடிந்ததிலிருந்து ஓடுகிறாயே, சாப்பிட்டாயா என்று உன்னை யாராவது கேட்டார்களா? நான் கேட்கிறேன். எனக்காக ஒரு கை வைக்க மாட்டாயா?"

யாரும் கேட்டதில்லைதான். கை தானாகச் செம்மண் சட்டிக்குள் போனது.

"என்ன புள்ள உளர்ற? அப்படியா எழுதியிருக்கு?" என்றான் வேலாண்டி.

"பின்ன எப்படி எழுதியிருக்காம்?"

"அது... வேற மாதிரி."

"சத்தமாப் படிங்க."

"வேணாம் புள்ள."

"படிங்கன்னா படிங்க!"

வேலாண்டி பலகையைப் பார்த்துப் படித்தான். "வீரனே! உன் பெண்டாட்டி உன்னை மதிப்பதில்லை. கையை வை, நாளை முதல் நடுங்குவாள்."

"ஓஹோ! அதான் படிக்க மாட்டேன்னு மழுப்பினீங்களா?"

புருஷன் பெண்டாட்டி சண்டை என்றால் கூட்டத்துக்குக் கேட்க வேண்டுமா? ஊரே திரண்டுவிட்டது. ஏகாம்பரம், "ரெண்டு பேர் சொல்றதும் தப்பு" என்றார்.

"அப்ப நீங்க படிங்க தலைவரே!" என்றாள் வடிவாள்.

அவர் இருமினார், செருமினார், கடைசியில் முணுமுணுத்தார். "அறிவுக் கடலா?" என்று நாச்சி கத்தினாள். "என் பிள்ளையைப் பத்தியில்ல போட்டிருக்கு!" செங்கோடன் குறுக்கே வந்தார். "இல்லையே, நான்தான் கடைசின்னுல்ல இருக்கு!"

ஆளாளுக்குத் தன் வரியைச் சத்தம் போட்டுப் படித்தார்கள். பாவம் அந்த மை! யாருக்கென்று மாறும்? இங்கே ஓடியது, அங்கே ஓடியது, சிக்கிக்கொண்டு பொலபொலவென்று கீழே கொட்டியது. அடியில் இருந்த எறும்பு வரி மட்டும் வீங்கி வீங்கிப் பலகை முழுக்க நிறைந்தது: "எனக்கு வேண்டியது ஏரி. கை வைத்தால் கொடுத்துவிட்டதாக அர்த்தம். அப்புறம் நீங்கள் எக்கேடு கெட்டால் எனக்கென்ன?"

எல்லார் கண்ணுக்கும் ஒரே மாதிரி தெரிந்த வரி அது ஒன்றுதான்.

கொக்கு அவசரமாகக் கீழே குதித்தது. வடிவாளின் கை இன்னும் ஈரமாக இருந்ததே! "வடிவாள், மத்தவங்களை விடு. உங்கிட்ட நான் கேட்டது பொய்யா? சொல்லு, யார் கேட்டாங்க உன்னை?"

அவள் கண் கலங்கியது. கைகூட ஒரு தரம் பலகைப் பக்கம் போனது. வேலாண்டி தலையைக் குனிந்துகொண்டான்.

"பொய்யில்ல" என்றாள். "ஆனா நான் சாப்பிட்டேனா இல்லையான்னு பதில் சொல்ல விட்டியா? சோறு போட்டியா? கையைத்தானே கேட்ட! இந்தா, வச்சுக்கோ!"

பளார்! செங்கை கொக்கின் முதுகில் விழுந்தது. கொக்கு வேஷம் கலைந்து மசிவண்ணன் எழுந்தான். உடனே பலகையில் இருந்த கைகள் ஒவ்வொன்றாக உரிந்து பறந்துவந்து அவன் முதுகில் விழுந்தன. பளார், பளார், பளார்! குடுக்கை உடைந்தது. ஒவ்வோர் அறைக்கும் ஏரி ஒரு சாண் ஏறியது. மந்திரவாதி நாட்டு எல்லை தாண்டும்வரை அந்தக் கைகள் அவனை விடவில்லை. வாத்துகள் தண்ணீரில் இறங்கிப் போட்ட கூச்சலில் ஊருக்குக் காது அடைத்தது.

அன்றுமுதல் ஆம்பலூரில் எந்தப் பலகை வந்தாலும் வடிவாளைக் கூப்பிட்டுத்தான் படிக்கச் சொல்வார்கள். கேலி செய்த வாயெல்லாம் அவளோடு சேர்ந்து சத்தமாகப் படிக்கும்.

ஏரியைச் சுற்றி வீட்டுக்கு நடக்கும்போது வேலாண்டி மெல்லக் கேட்டான். "சாப்பிட்டியா புள்ள?"

வடிவாள் சட்டென்று நின்றாள். அவனை மேலும் கீழும் பார்த்தாள். "எதுக்குக் கேக்குறீங்க? என்ன வேணும் உங்களுக்கு?"

"ஒண்ணும் வேணாம். சும்மாதான் கேட்டேன்."

"இன்னும் இல்லங்க."

வேலாண்டி அவளுக்கு முன்னால் போய் அடுப்பைப் பற்றவைத்தான். ஏரி நிறைந்தது, அவள் வயிறு நிறைந்தது, என் கதையும் நிறைந்தது.