ஈசல் சேதி சொன்ன கரிச்சான்

கரட்டுக்காட்டில் ஒரு கரிச்சான் குருவி இருந்தது. பொழுது விடியும் முன்பே வாகை மரத்து உச்சியில் உட்கார்ந்துகொண்டு காடு முழுவதற்கும் சேதி சொல்லும்.

"கேளுங்கள்! கேளுங்கள்! கிழக்குப் புற்றில் ஈசல் கிளம்பிவிட்டது! ஓடைக்கரையில் வெட்டுக்கிளி கொழுத்துத் திரிகிறது!"

ஆரம்பத்தில் மானும் முயலும் மரத்தடிக்கு வந்து அண்ணாந்து பார்த்தன. நாளாக ஆக ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டன. மரத்தடி வெறிச்சோடிப் போனது.

கரிச்சானுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. காக்கையையே துரத்திக் கொத்துகிற குருவி அல்லவா! "செவிட்டுப் பயல்கள்!" என்று திட்டியது. காலையில் சொன்னதையே மதியமும் சொன்னது, அந்தியிலும் சொன்னது. ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

ஒருநாள், "ஐயோ! ஆபத்து! ஓடி வாருங்கள்!" என்று அலறியது. மான்கள் விழுந்தடித்து ஓடி வந்தன.

"என்ன ஆபத்து?"

"இப்போதே போகாவிட்டால் ஈசல் தீர்ந்துவிடும்!"

"த்தூ! இதற்கா முள்ளில் காலைக் கிழித்துக்கொண்டு வந்தேன்?" என்று சீறியது கலைமான். "இனி உன் மரத்துப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கமாட்டேன்!"

அன்று சாயங்காலம் கிளிகள் கூட்டமாகப் பேசிக்கொண்டே கூடு திரும்பின. கரிச்சான் மட்டும் ஒற்றையாய் உட்கார்ந்திருந்தது. தான் பேசினால் 'ம்' கொட்ட ஒரு ஜீவன் இல்லை. 'நாளைக்கும் யாரும் வராவிட்டால் இந்தக் காடே வேண்டாம்' என்று முடிவு கட்டியது.

மறுநாளும் யாரும் வரவில்லை. போவதற்கு முன் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டுப் போவோம் என்று, குட்டிகளோடு இருந்த முயலின் புதர் முன்னால் விருட்டென்று இறங்கியது.

"ஏ முயலக்கா! என் சேதியில் என்ன குறை கண்டாய்?"

"குறை ஒன்றுமில்லை தம்பி. ஆனால் ஈசலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? நான் புல் தின்கிறவள்!"

கரிச்சானுக்குச் சுருக்கென்றது. இத்தனை நாளும் தன் வயிற்றுக்கு வேண்டியதையே ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கிறது! ஆனாலும் லேசில் விட்டுவிடுமா?

"சரி, பேசி முடிப்போம். என்ன சொன்னால் காதுகொடுப்பாய்?"

"குட்டிகளை மேட்டுப் புல்லுக்குக் கூட்டிப் போகணும். நரி எங்கே நிற்கிறது என்று சொல். விடிந்ததும் ஒரே தடவை. அலறாதே, குட்டிகள் மிரளும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவேதான்!"

அடுத்த நாள் விடியலில் கரிச்சான் காட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. ஈசல் பேச்சு தொண்டை வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டது. "நரி ஓடைக்கு அந்தப் பக்கம் தூங்குகிறது. மேட்டில் யாருமில்லை" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு வாயை மூடியது.

மான்கள் வரவில்லை. பிறகு குட்டிகளோடு முயல் மட்டும் மரத்தடிக்கு வந்தது.

"கேட்டுக்கொண்டேன் தம்பி! அது சரி, நீ ஏதாவது சாப்பிட்டாயா?"

கரிச்சான் உச்சிக்கிளையை விட்டு முயலின் பக்கத்தில் இறங்கி உட்கார்ந்துகொண்டது.

தனக்கு வேண்டியதைக் கத்திச் சொல்பவனுக்கு ஆள் சேராது. அடுத்தவருக்கு வேண்டியதைக் கேட்டறிந்து சொல்பவனுக்கே காதும் கிடைக்கும், துணையும் கிடைக்கும்.