முடிச்சுக்குள் எத்தனை?

இந்தக் கதையில் குருவுக்குத் தாடி கிடையாது. நரைத்த மீசை சீடருக்குத்தான் இருந்தது. குருவின் பெயர் ஜெசிந்தா. வயது முப்பத்தாறு. உப்பளத்தை ஒட்டிய ஒரு தொடக்கப் பள்ளியில் தலைமையாசிரியை. சீடர் உலகநாதன் ஐம்பதைத் தாண்டியவர். மேல்நிலைப் பள்ளியில் நுண்கணிதம் நடத்திக்கொண்டிருந்தவரை, அங்கே ஆள் அதிகம் என்று சொல்லி இங்கே மூன்றாம் வகுப்புக்கு அனுப்பிவிட்டார்கள்.

நுண்கணிதம் நடத்தியவருக்குக் கூட்டல் கழித்தல் எம்மாத்திரம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு வந்தார். பொங்கல் கழிந்து பள்ளி திறந்தபோது அந்த நினைப்பு போன இடம் தெரியவில்லை. 

விஷயம் இதுதான். பாடம் தொடங்கும்போது வகுப்பு அமர்க்களமாக இருக்கும். பதினேழும் எட்டும் எத்தனை என்று கேட்பார். நாலு பேர் நாலு விதமாக ஆரம்பித்து, கடைசியில் எல்லோரும் சேர்ந்து இருபத்தைந்து என்று கூரை அதிரக் கத்துவார்கள். பத்து நிமிடம் ஒரு கேள்விகூடத் தப்பாது. அதே கணக்கைச் சிலேட்டில் போடச் சொன்னால் பாதிச் சிலேட்டு வெறுமையாக இருக்கும். மீதிப் பேர் முன்வரிசையைப் பார்த்து எழுதியிருப்பார்கள். முன்வரிசையும் தப்பாகத்தான் எழுதியிருக்கும்.

வெள்ளிக்கிழமை வட்டாரக் கல்வி அலுவலர் வந்து அவருடைய வகுப்பில் உட்காரப்போவதாகத் தகவல் வந்திருந்தது. அன்றைக்கு வகுப்பு கவிழ்ந்தால் விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுத்துவிடுவேன் என்று உலகநாதன் மனைவியிடம் சொல்லிவிட்டார். மூணாம் வகுப்புக்காகவா என்று சண்முகவடிவு கேட்டாள். மூன்றாம் வகுப்புக்காகத்தான். அதுதான் அவரை அரித்தது. பெரிய பிள்ளைகளிடம் தோற்றிருந்தால்கூட வெளியே சொல்லிக்கொள்ளலாம்.

திங்கட்கிழமை மதியம் அவர் தலைமையாசிரியை அறைக்குப் போனார். ஜெசிந்தா பீரோவில் சாக்பீஸ் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"கணக்குப் பாடத்தை எப்படித் தொடங்கணும், டீச்சர்?"

"நீங்க எப்படித் தொடங்குறீங்க, சார்?"

"மனக்கணக்குதான்."

ஜெசிந்தா அடுத்த பெட்டியை எடுத்து அடுக்கினார். உலகநாதன் அவருடைய முகத்தைப் பார்த்தார். பாட்டோடு தொடங்கலாமா என்று கேட்டுவிட்டு மறுபடி பார்த்தார். கதை சொல்லித் தொடங்கலாம் என்றார். வாய்ப்பாடு என்றார். நேற்று நடத்தியதைத் திருப்பிக் கேட்கலாம் என்றார். தீக்குச்சி, மணிச்சட்டம் என்று தெரிந்ததையெல்லாம் வரிசையாக எடுத்துவிட்டார். ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டு அந்த முகத்தில் ஏதாவது அசைகிறதா என்று பார்த்தார். அது கழுவிய சிலேட்டு மாதிரி இருந்தது. அப்படிப்பட்ட முகத்தோடு ஒரு மனிதரால் எவ்வளவு நேரம்தான் பேசிக்கொண்டிருக்க முடியும்? எழுந்து வந்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை ஜெசிந்தா வந்து அவர் வகுப்பின் பின்வரிசையில் பிள்ளைகளோடு உட்கார்ந்தார். மனக்கணக்கு முடிந்ததும் எழுந்துவிட்டார். உலகநாதன் வராந்தாவரை பின்னாலேயே போய், தொடக்கம் எப்படி இருந்தது என்று கேட்டார்.

"சத்தமா இருந்துச்சு, சார்."

அது நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை. அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை. வெள்ளிக்கிழமை கிட்டே வந்துகொண்டிருந்தது. இந்த அம்மா ஒரு வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடுவார் என்று மனதுக்குள் வைதார்.

புதன்கிழமை சாயங்காலம் ஜெசிந்தாவே அவரைக் கூப்பிட்டு, ஒரு கைக்குட்டையை முடிச்சாகக் கட்டிக் கையில் கொடுத்தார்.

"இதுக்குள்ள புளியங்கொட்டை இருக்கு. ஒன்பது. நாளைக்கு முடிச்சை அவிழ்க்காம, எத்தனை இருக்குன்னு பிள்ளைங்ககிட்ட கேளுங்க."

அவிழ்க்காமல் எப்படிச் சொல்ல முடியும், இது என்ன கணக்கு என்று உலகநாதன் கேட்டார்.

"சொல்லிருவாங்க, சார்," என்றார் ஜெசிந்தா.

வியாழக்கிழமை அவர் முடிச்சை மேசைமேல் வைத்துவிட்டுக் கேட்டார். ஜெசிந்தா பின்வரிசையில் இருந்தார். மூன்று என்றான் ஒருவன். உலகநாதன் கழுத்தைத் தடவிக்கொண்டார். ஐந்து என்றது இன்னொரு குரல். ஏழு, எட்டு என்று குரல்கள் ஏறிக்கொண்டே போயின. ஒருத்தி ஒன்பது என்றாள். அடுத்த நொடி வகுப்பு முழுக்க ஒன்பது, ஒன்பது என்று கத்தியது.

உலகநாதனுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அந்த வாரத்தில் முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தார். மூடிய முடிச்சுக்குள் இருப்பதைச் சொல்லும் பிள்ளைகளா கணக்கில் மட்டம்?

"அவிழ்த்துக் காட்டுங்க, சார்," என்றார் ஜெசிந்தா.

அவிழ்த்தார். நாலு கொட்டைகள் இருந்தன.

கைக்குட்டையை உதறிப் பார்த்தார். குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தார். நாலுதான். 

"அப்புறம் எல்லாருமா ஒன்பதுன்னு எப்படிச் சொன்னீங்க?"

 முன்வரிசையில் இருந்த மார்சலின் எழுந்தாள்.

"சரியான விடை வந்தா சார் சாக்பீஸத் தூக்குவாவ."

"தப்புன்னா கழுத்தத் தடவுவாவ," என்றான் பக்கத்துப் பையன்.

குறும்பாகச் சொல்லவில்லை. மணி அடித்தால் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்வதுபோலச் சொன்னார்கள். உலகநாதன் தன் கையைப் பார்த்தார். சாக்பீஸ் இன்னும் விரல்களுக்கு இடையில் இருந்தது.

வகுப்பு முடிந்ததும் ஜெசிந்தாவின் அறைக்கு ஓடினார்.  விடிந்தால் அலுவலர். நாளைக்குக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கட்டுமா, சுவரைப் பார்த்துக்கொண்டு கேள்வி கேட்கட்டுமா, மனக்கணக்கையே விட்டுவிடட்டுமா என்று அடுக்கினார். ஒவ்வொன்றுக்கும் அந்த முகத்தை உற்றுப் பார்த்தார்.

ஜெசிந்தா இன்னொரு கைக்குட்டை முடிச்சை எடுத்து நீட்டினார். இது கொஞ்சம் பெரியது.

"இதுல எத்தனை, டீச்சர்?"

"தெரியாது. கண்ண மூடிக்கிட்டு அள்ளிக் கட்டினேன்."

வெள்ளிக்கிழமை அலுவலர் வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து கால்மேல் கால் போட்டுக்கொண்டார். ஜெசிந்தா வாசல் நிலையில் சாய்ந்து நின்றார். உலகநாதன் முடிச்சை மேசையில் வைத்தார். 

"இதுக்குள்ள எத்தனை இருக்கு? எனக்கும் தெரியாது."

ஆறு என்றான் ஒருவன். முப்பது ஜோடிக் கண்கள் சாக்பீஸுக்குப் போயின. அது அசையவில்லை. பத்து என்றாள் ஒருத்தி. பதினைந்து என்று ஒரு குரல் கேட்டது. உலகநாதனின் கை பழக்கத்தில் எழப் பார்த்தது. எந்த எண்ணுக்கு எழுவது என்று அதற்குத் தெரியவில்லை. குரல்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன.

மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. இந்த வகுப்பை இவ்வளவு அமைதியாக அவர் பார்த்ததே இல்லை.

"பாடம் எப்ப ஆரம்பிப்பீங்க, சார்?" என்று அலுவலர் கேட்டார்.

உலகநாதனுக்கு முதுகில் சட்டை ஒட்டிக்கொண்டது. 'மதிப்பிற்குரிய ஐயா' என்று விருப்ப ஓய்வு விண்ணப்பத்தின் முதல் வரி கண்முன் வந்து நின்றது. வாசலைப் பார்த்தார். அங்கே அதே கழுவிய சிலேட்டு.

"சாருக்கு நெசமாவே தெரியலட்டி," என்று மார்சலின் பக்கத்தில் இருந்தவளிடம் கிசுகிசுத்தாள். கிசுகிசுப்பு வகுப்பு முழுக்கக் கேட்டது. அவள் எழுந்து மேசைக்கு வந்தாள்.

"தொட்டுப் பாக்கட்டா, சார்?"

அவர் தலையாட்டினார். மார்சலின் முடிச்சை எடுத்து அமுக்கிப் பார்த்தாள்.

"நேத்து நாலு கொட்டை இம்புட்டுதான் இருந்துச்சு," என்று விரல்களைக் குவித்துக் காட்டினாள். "இதுல அந்த மாதிரி அஞ்சு இருக்கும்."

"அப்படின்னா இருவது," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

இல்லை, ஆறு தடவை வரும் என்று ஒருவன் எழுந்து வந்தான். முடிச்சு கைமாறியது. கொட்டை பெரிசாக இருந்தால் என்ன செய்வாய் என்று ஒருத்தி மடக்கினாள். இருபது என்றவனுக்கும் இருபத்துநாலு என்றவனுக்கும் சண்டை மூண்டது. ஒருவரும் உலகநாதனைத் திரும்பிப் பார்க்கவில்லை. அது அவருக்கு முதலில் கொஞ்சம் வலித்தது. பிறகு முடிச்சுக்குள் எத்தனை என்று தெரிந்துகொள்ளாமல் அவருக்கே இருப்புக்கொள்ளவில்லை.

முடிச்சு அலுவலர் கைக்கும் போயிற்று. அவர் காலை இறக்கி ஊன்றிக்கொண்டு அதை அமுக்கிப் பார்த்தார். பிறகு வாசல் பக்கம் திரும்பி ஜெசிந்தாவின் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் கிடைக்காததால் பேனாவை எடுத்து உள்ளங்கையில் ஏதோ எழுதிக்கொண்டார்.

உலகநாதன் எல்லோரையும் சிலேட்டில் எழுதச் சொன்னார். பதினெட்டு இருந்தது, இருபது இருந்தது, ஒரு சிலேட்டில் நூறுகூட இருந்தது. வெறும் சிலேட்டு ஒன்றுமில்லை. மார்சலின் முடிச்சை அவிழ்த்தாள். நாலு நாலாகக் கூட்டிவைத்தார்கள். ஐந்து குவியல் போக இரண்டு கொட்டைகள் மிஞ்சின. இருபத்திரண்டு.

அதற்குப் பிறகு போட்ட கணக்குகளிலும் தப்புக்குக் குறைவில்லை. ஆனால் ஒவ்வொரு பிள்ளையும் சொந்தமாக ஒரு தப்பைப் போட்டிருந்தது. உலகநாதன் சிலேட்டுச் சிலேட்டாக உட்கார்ந்து, இது எப்படி வந்தது என்று கேட்டுக்கொண்டே போனார். மணி அடித்தது அவர் காதில் விழவில்லை.

அலுவலர் கிளம்பும்போது, தொடக்கம் கொஞ்சம் இழுத்துவிட்டது என்றார். வண்டியில் ஏறப் போனவர் திரும்பி வந்து, திங்கட்கிழமை முடிச்சுக்குள் என்ன வைப்பீர்கள் என்று கேட்டார். தெரியவில்லை என்று உலகநாதன் சொன்னார். அப்படிச் சொல்ல அவருக்குக் கூச்சமாக இல்லை.

சாயங்காலம் அவர் தலைமையாசிரியை அறைக்குப் போனார். நிம்மதியாகத்தான் இருந்தது. ஆனாலும் ஒரு வாரமாகப் பட்ட பாடு கோபமாக வெளியே வந்தது.

"நான் கேட்ட அன்னைக்கே சொல்லியிருக்கலாமே, டீச்சர். அஞ்சு நாளா எனக்குச் சோறு இறங்கல."

ஜெசிந்தா பீரோவைப் பூட்டிவிட்டுச் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டார்.

"சொல்லியிருந்தா, இன்னைக்கு என் முகத்தைப் பாத்துக்கிட்டே பாடம் நடத்தியிருப்பீங்க, சார்."