காற்றாலைக்கு அடியில் ஒரு டிக்டேஷன்

நாகர்கோவிலில் தாணுமாலயன் வக்கீல் ஆபீஸுக்கென்று ஒரு சட்டம் உண்டு. அவர் வாயால் சொல்வார். ஜூனியர்கள் எழுத்து மாறாமல் எழுத வேண்டும். சுற்றுச்சூழல், மின்சார வழக்குகளைப் பார்க்கப் புதிதாகச் சேர்ந்த ஜெசிந்தாவுக்கு முதல் நாளே தலைவலி.

“நம்ம கட்சிக்காரர் காத்தாலையில சத்தமே இல்லன்னு பிரமாணப் பத்திரம் எழுதும்மா.”

“சார், பக்கத்து ஊர்ல பச்சப்புள்ளைங்க ராத்திரி தூங்குறதே இல்லையாம்.”

“அப்போ நாளையில இருந்து நீ வேலைக்கு வரண்டாம்.”

அவளுக்கும் கைக்குழந்தை, வேலை போனால் பால்பவுடருக்கு எங்கே போவாள்? எரிச்சலை விழுங்கிக்கொண்டு, “இடத்தைப் பார்த்துக்கிட்டே எழுதுதேன். நீங்க போன்ல சொல்லுங்க சார்” என்றாள்.

மறுநாள் காற்றாலைக்கு அடியில் கட்சிக்காரரான கம்பெனி முதலாளியையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள். கட்சிக்காரர்கள் நிறைந்த ஆபீஸில் வக்கீல் ஸ்பீக்கரைப் போட்டுக் கம்பீரமாகச் சொன்னார்: “சத்தம் அறவே இல்லை.”

“கேக்கல சார்.”

மூன்றாம் முறை கத்தியதில் அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. பொறுமையிழந்த முதலாளி போனைப் பிடுங்கினார். “வக்கீல் சார், இந்த இரைச்சல்ல ஒரு மண்ணும் கேக்கல.”

ஆபீஸே சிரித்தது.

“முதலாளி சொன்னதை எழுத்து மாறாம எழுதிட்டேன் சார். கையெழுத்து வாங்கட்டுமா?” என்றாள் ஜெசிந்தா.

ஆபீஸே கேட்ட சாட்சியை மறுக்க முடியாத முதலாளி, இப்போது ராத்திரியில் அந்தக் காற்றாலையை ஓட்டுவதில்லை. தாணுமாலயனும் ஜெசிந்தாவிடம் எதையும் வாயால் சொல்வதில்லை, எழுதியே கொடுக்கிறார்.