பின்பெஞ்சு ஹவில்தார்

பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற ஹவில்தார் சங்கரலிங்கத்துக்கு நாற்பத்தைந்து வயதில் கல்லூரியில் இடம் கிடைத்தது. எந்தத் துறை என்று அன்று மாலை ஐந்து மணிக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். தவறினால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும்.

கல்லூரி நூலகர் இசக்கியம்மாள் அவரைவிடப் பத்து வயது இளையவர். ஆனாலும் ஹவில்தார் அவரைத்தான் குருவாக வரித்துக்கொண்டிருந்தார். பட்டாளத்துக்காரர் முடிவெடுத்துவிட்டால் யார் மறுப்பது?

“குருவே, உளவியல் எடுக்கலாம்னு இருக்கேன்.”

“ஏன் அண்ணாச்சி?”

“வீட்டுக்காரி மனசுல என்ன ஓடுதுன்னு இருபது வருஷமா பிடிபடல.”

குரு சிரிக்கவில்லை. உளவியல், பொருளியல், நிலவியல் என மூன்று துறைகளின் பாடத்திட்டத்தைப் புரட்டி, துறைக்கு ஒரு கட்டாயப் பாடத்தைக் குறித்துக் கொடுத்தார்.

“பேரைப் பாத்தது போதும். இந்த வகுப்புகள்ல பின்பெஞ்சுல உக்காந்துட்டு வாங்க.”

ஹவில்தார் போனார். முறுக்கிய மீசையைக் கண்டதும் பிள்ளைகள் புதுப் பேராசிரியர் என்று எழுந்து நின்றார்கள். உளவியல் துறையின் கட்டாயப் பாடமான புள்ளியியலை நடத்திய ஆசிரியரோ, மேலிடத்திலிருந்து ஆய்வுக்கு வந்தவர் என்று பயந்து, முடித்த பாடத்தை முதலிலிருந்து ஆரம்பித்தார். பிள்ளைகள் முறைத்த முறைப்பை ஹவில்தார் எல்லையில்கூடக் கண்டதில்லை.

நாலரை மணிக்கு வியர்த்து விறுவிறுத்துத் திரும்பினார்.

“உளவியல்?”

“மனசையே காணோம் குருவே. சராசரி, சதவீதம், கட்டம் கட்டமா கணக்கு. என் வீட்டுக்காரி எந்தக் கட்டத்துலயும் அடங்க மாட்டா.”

“பொருளியல்?”

“தூங்கிட்டேன். குறட்டை கேட்டு வாத்தியாரே எழுப்பிவிட்டார்.”

“நிலவியல்?”

ஹவில்தாருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“அதைக் கேக்காதீங்க! ஒரு கல்லைக் கையில கொடுத்தாங்க. உள்ள பாத்தா கடல் சங்கு! பனிமலை உச்சியில எடுத்ததாம். அந்த மலையெல்லாம் ஒரு காலத்துல கடலுக்கு அடியில கிடந்துச்சாம். எல்லையில அதே மலைப் பாறையில சாஞ்சு ஆறு வருஷம் காவல் இருந்தேன், ஒருத்தன் சொல்லலையே! எப்படி மேல வந்துச்சு, இன்னும் ஏறுதா, ஒண்ணும் முடிக்கல, மணி அடிச்சுட்டாங்க. மிச்சம் நாளைக்காம். என்ன வகுப்பு இது!”

மூச்சு வாங்கியது.

“அதனால உளவியலே எழுதிரட்டுமா?”

குரு அவரது சட்டைப்பையைப் பார்த்தார். அது புடைத்திருந்தது.

“அது என்ன?”

ஹவில்தார் கையை விட்டு எடுத்தார். சங்கு பதிந்த கல். வெட்கம் பிடுங்கித் தின்றது.

“ஐயோ, நினைப்பில்லாம பையில போட்டுட்டேன்! இத்தனை வருஷ சர்வீஸ்ல அடுத்தவன் ஊசியைக்கூடத் தொட்டதில்ல குருவே!”

“கொண்டுபோய்க் கொடுத்துட்டு, மிச்சத்தை நாளைக்குக் கேளுங்க” என்றார் குரு. “போற வழியிலதான் விண்ணப்பம் வாங்குற ஜன்னல். இந்தாங்க, பேனா.”